பழைய வால்வு ரிக் வாங்கி பெங்களூர் ஃப்ளாட்ல ஓட்டறது எப்படி

பழைய எச்எஃப் ரிக், அதாவது ஷார்ட்வேவ்ல பேசவும் கேக்கவும் செய்யற ஹாம் ரேடியோ செட், ஒண்ணு கைக்கு வந்துட்டா அன்னிக்கே மைக்க புடிச்சு சிக்யூ (யாராச்சும் பேச வாங்கன்னு பொது அழைப்பு) போடணும்னு கை பரபரக்கும், அது மட்டும் வேணாம். நாப்பது அம்பது வருஷம் ஆன செட்டுக்கு ஒரு வரிசை இருக்கு, மொதல்ல திறந்து பாக்கணும், அப்புறம் ஆன் பண்ணி கேக்கணும், பேசறது எல்லாத்துக்கும் கடைசி. இந்த வரிசைய மாத்தாம போனா செட்டும் பிழைக்கும் நீங்களும் பிழைப்பீங்க, ரெண்டாவது தான் முக்கியம், ஏன்னா உள்ள 600லேர்ந்து 900 வோல்ட் வரைக்கும் டிசி ஓடுது.

நான் சொல்றது கென்வுட் டிஎஸ்-520எஸ், டிஎஸ்-530எஸ், டிஎஸ்-830எஸ், யேசு எஃப்டி-101இ, எஃப்டி-101இசட்டி மாதிரி எழுபது எண்பதுகள்ல வந்த செட்டுங்கள பத்தி. இதெல்லாம் ஹைப்ரிட், அதாவது ரிசீவர் முழுக்க டிரான்சிஸ்டர், டிரான்ஸ்மிட்டர் பக்கம் மட்டும் ஒரு டிரைவர் வால்வு, ஆன்டெனாவுக்கு பவர் குடுக்கற ரெண்டு ஃபைனல் வால்வு. புதுசா ஹாம் ரேடியோவுக்கு வர்றவங்களுக்கு இத விட நல்ல வாத்தியார் கிடையாதுன்னு நெனைக்கறேன், ஒவ்வொரு நாபையும் நீங்களே திருப்பி தான் ஆகணும், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு தானா புரிஞ்சிடும்.

லைசன்ஸ் விஷயத்த மொதல்லயே முடிச்சிடுங்க. டபிள்யூபிசி (மத்திய அரசோட வயர்லெஸ் பிரிவு) நடத்தற ஆபரேட்டர் பரீட்சை தான், 12 வயசு ஆனவங்க எழுதலாம், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேணாம், ஜெனரல் கிரேடுக்கு நிமிஷத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ் வேணும். அப்ளிகேஷன் சரல் சஞ்சார் போர்ட்டல்ல. கால் சைன் (லைசன்ஸோட வர்ற அடையாளப் பேர்) வர்றதுக்கு முன்னாடி செட்ட வாங்கி வெச்சிடலாம்னு தோணும், வேணாம், லைசன்ஸ் இல்லாம டிரான்ஸ்மிட்டர் வீட்ல வெச்சிருக்கறதே தப்பு. வாங்கும்போது குடுக்கறவர் கால் சைன், உங்க கால் சைன், மாடல், சீரியல் நம்பர் எல்லாம் போட்டு ஒரு லெட்டர் எழுதி கையெழுத்து வாங்கி ஃபைல்ல போட்டு வைங்க.

இந்த செட்டுங்க பெரும்பாலும் கிடைக்கறது சைலன்ட் கீ ஆன (காலமாயிட்ட) ஓஎம்களோட, அதாவது மூத்த ஹாம்களோட வீட்ல இருந்து தான், அல்சூர் காக்ஸ் டவுன் பக்கம் பழைய தமிழ் குடும்பங்கள்ல அப்பாவோட ரேடியோன்னு லாஃப்ட் மேல துணி சுத்தி வெச்சிருப்பாங்க. அங்க போய் பேரம் பேசற வேலை வேணாம். அவங்களுக்கு விலை தெரியாதுங்கறத வெச்சு அடிமாட்டு விலைக்கு தூக்கிட்டு வர்றது நம்ம ஹாபிக்கே அவமானம், நியாயமான ரேட் என்னன்னு கிளப்ல நாலு பேர்கிட்ட கேட்டுட்டு அத சொல்லி குடுங்க. அந்த வீட்டு அம்மாகிட்ட உக்காந்து பொறுமையா கேளுங்க, "அம்மா, சார் இத கடைசியா எப்ப ஆன் பண்ணாரு, யாராச்சும் ரிப்பேர் பாத்தாங்களா, இதோட புக்கு, மைக், ஸ்பேர் வால்வு எதாச்சும் அலமாரில இருக்கா?" இந்த கேள்விக்கு அட்டைப்பெட்டில இருந்து ஒரு ஜோடி புது ஃபைனல் வால்வு வெளிய வந்தா அது செட்டோட பாதி மதிப்பு.

எந்த மாடல்னு கேட்டா என் ஓட்டு 6146பி வால்வு போட்ட செட்டுக்கு தான், டிஎஸ்-520எஸ்ல எஸ்2001ஏன்னு இருக்கும், அதுவும் இதே இனம் தான். எஃப்டி-101இ-ல இருக்கறது 6ஜேஎஸ்6சி, அது டிவி செட்டுக்காக செஞ்ச வால்வு, இப்ப தேடி புடிக்கறது கஷ்டம், வேற கம்பெனி வால்வு போட்டா நியூட்ரலைசேஷன் (வால்வு தானா ஆஸிலேட் ஆகாம பாத்துக்கற அட்ஜஸ்ட்மென்ட்) திரும்ப பண்ணணும், மொத செட்டுக்கு அந்த தலைவலி எதுக்கு. இன்னொண்ணு, செட் எந்த ஊர்ல இருந்ததுன்னு கேளுங்க. பெங்களூர்லயே கெடந்த செட்டுன்னா உள்ள ஓரளவு சுத்தமா இருக்கும், சென்னை மும்பைல கடல் காத்துல இருந்ததுன்னா பேண்ட் சுவிட்ச் வேஃபர், சேஸி ஸ்க்ரூ எல்லாத்தையும் டார்ச் அடிச்சு பாருங்க, பச்சை புடிச்சிருந்தா வேலை நெறைய இருக்கு.

வீட்டுக்கு கொண்டு வந்தாச்சு. பிளக்க தொடாதீங்க. மேல் மூடி கழட்டி டிரான்ஸ்ஃபார்மர் எந்த வோல்டேஜுக்கு வயரிங் பண்ணிருக்குன்னு மேனுவல் படத்தோட ஒப்பிட்டு பாருங்க, ஜப்பான் உள்ளூர் செட்டுன்னா 100 வோல்ட்ல இருக்கலாம், அத நம்ம 230ல சொருகினா கதை முடிஞ்சுது. பின்னாடி ஒட்டின ஸ்டிக்கர நம்பாதீங்க, வயர தான் நம்பணும். நம்ம ஏரியால லைன் சில நேரம் 240க்கு மேல போகும், டிரான்ஸ்ஃபார்மரோட 220 டாப்ல (வயர் மாட்டற முனைல) போட்டா வால்வு ஹீட்டருக்கு எப்பவும் கூடுதலா போய் ஆயுசு கொறையும், 234, 240ன்னு டாப் இருந்தா அதுக்கு மாத்திடுங்க, இல்லன்னா ஸ்டெபிலைசர். பழைய ரெண்டு பின் கார்ட தூக்கி போட்டுட்டு மூணு பின் கார்ட் போட்டு எர்த்த சேஸில கட்டுங்க, அந்த பாயிண்ட்ல எர்த் நெஜமாவே வருதான்னு எலக்ட்ரீஷியன வெச்சு பாத்துக்கோங்க, நெறைய பழைய பில்டிங்ல ஓட்டை மட்டும் தான் இருக்கும். ஃபியூஸ் மேனுவல்ல சொன்ன அளவு தான், கம்பி சுத்தற பழக்கம் இங்க ஆகாது.

இனிமே மொத ஆன். தெரிஞ்ச காலேஜ் லேப்லயோ கிளப்லயோ டிம்மர்ஸ்டாட் (வோல்டேஜ கூட்டி கொறைக்கற டிரான்ஸ்ஃபார்மர்) கிடைச்சா ரொம்ப நல்லது, ஹீட்டர் சுவிட்ச் ஆஃப்ல வெச்சிட்டு 60, 70 வோல்ட்ல ஆரம்பிச்சு மணிக்கணக்குல மெதுவா ஏத்துங்க, பல வருஷம் தூங்கின எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் அப்ப தான் மறுபடி ஃபார்ம் ஆகும். டிம்மர்ஸ்டாட் இல்லன்னா எலக்ட்ரீஷியன் வெச்சிருக்கற சீரிஸ் பல்பு, 100 வாட் குண்டு பல்பு தான் வேணும், எல்இடி வேலைக்கு ஆகாது. ஆன் பண்ண உடனே பல்பு ஒரு தடவ எரிஞ்சு அப்புறம் மங்கினா சரி, பளிச்சுன்னு எரிஞ்சிட்டே இருந்தா உள்ள எங்கயோ ஷார்ட், உடனே ஆஃப்.

ஹை வோல்டேஜ் பத்தி தனியா சொல்லணும். ஹீட்டர் ஆஃப்ல இருந்தாலும், பிளக்கயே புடுங்கி வெச்சிருந்தாலும், ஃபில்டர் கெப்பாசிட்டர்ல சார்ஜ் இருக்குன்னே எடுத்துக்கணும், அத வடிக்கறதுக்குன்னு உள்ள இருக்கற ரெசிஸ்டர் வயசாகி ஓப்பன் ஆயிருக்கலாம். ஒரு காஞ்ச பிவிசி பைப் நுனில 10 கே 10 வாட் ரெசிஸ்டர கட்டி, அதோட இன்னொரு முனைய க்ளிப் போட்டு சேஸில மாட்டி, மெதுவா தொட்டு டிஸ்சார்ஜ் பண்ணுங்க, அப்புறம் 1000 வோல்ட் தாங்கற மீட்டர்ல சைபர் காட்டுதான்னு பாத்துட்டு தான் கை உள்ள போகணும், ஒரு கை தான், இன்னொரு கை பின்னாடி. மோதிரம் வாட்ச் கழட்டிடுங்க. வீட்ல யாரும் இல்லாத நேரத்துல மூடி திறந்த செட்ட ஆன் பண்ணாதீங்க.

சுத்தம் பண்ண எஸ்.பி. ரோடுல காண்டாக்ட் கிளீனர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ரெண்டும் கிடைக்கும். பேண்ட் சுவிட்ச்ல துளி துளியா விட்டு இருபது தடவ திருப்புங்க. ரிலே காண்டாக்ட்டுக்கு உப்புத்தாள் போடவே கூடாது, விசிட்டிங் கார்ட ஒல்லியா வெட்டி ஆல்கஹால்ல நனைச்சு நடுவுல வெச்சு இழுத்தா போதும், கறுப்பா வரும். விஎஃப்ஓ (ஃப்ரீக்வன்சிய மாத்தற சர்க்யூட்) டப்பாவ திறக்காதீங்க, அது ஃபேக்டரில செட் பண்ண எடம்.

இப்ப ஆன்டெனா. 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, ஒரு டைபோல் (நடுவுல கேபிள் சேர்ற ரெண்டு கை கம்பி) போதும், மெகாஹெர்ட்ஸ்ல இருக்கற ஃப்ரீக்வன்சியால 143ஐ வகுத்தா மொத்த நீளம் மீட்டர்ல வரும், 7.1க்கு சுமார் 20 மீட்டர், பக்கத்துக்கு 10. வீட்டு வயரிங்குக்கு வாங்கற 1.5 ஸ்கொயர் வயர்லயே போடலாம், கொஞ்சம் நீளமா வெட்டி எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனால இருந்து எவ்ளோ பவர் திரும்பி வருதுன்னு காட்டற அளவு) பாத்து பாத்து கொறச்சுக்கோங்க. தண்ணி டேங்க் மேல ஒரு பைப்ப நட்டு நடுவ தூக்கி, ரெண்டு கைய மொட்டைமாடி மூலைக்கு சரிச்சு கட்டுங்க, இன்வர்டட் வி. கை முனைல டிரான்ஸ்மிட் நேரத்துல வோல்டேஜ் ரொம்ப அதிகம், துணி காயப்போட வர்றவங்க கைக்கு எட்டாத உயரத்துல கட்டணும். இதே வயர் 15 மீட்டர்லயும் வேலை செய்யும், 7.1 மூணு மடங்கு 21.3 இல்லையா. அசோசியேஷன்ல லைசன்ஸ் காப்பி ஒண்ண குடுத்து, "சார், இது மொபைல் டவர் இல்ல, ஒரே ஒரு கம்பி தான், வந்து பாருங்க"ன்னு செக்ரட்டரிய மாடிக்கு கூட்டிட்டு போய் காட்டிட்டா பாதி சந்தேகம் அங்கயே தீந்துடும்.

மூடிய மாட்டியாச்சு, ஹீட்டர் இன்னும் ஆஃப் தான். ரிசீவருக்கு வால்வு தேவையில்லங்கறதால ஒரு வாரம் வெறும்னே கேளுங்க, கேக்கற நேரம் எல்லாம் ஹீட்டர ஆஃப்ல வெக்கற பழக்கம் வந்தா வால்வு பல வருஷம் கூட வரும். டயல சரி பண்ண கேலிப்ரேட்டர் சுவிட்ச் இருக்கு, போட்டா 25 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு விசில் கேக்கும், மெதுவா திருப்பினா விசில் கீழ கீழ எறங்கி உறுமலாகி ஒரு எடத்துல காணாம போகும், அது தான் ஜீரோ பீட், அங்க நிறுத்தி டயல் தட்ட மட்டும் நகத்தி கோட்டுல வைங்க. ஆன் பண்ண மொத அரை மணி நேரம் ஃப்ரீக்வன்சி நகரும், செட் சூடாகற வரைக்கும் விடுங்க.

40 மீட்டர்ல வெறும் எரிச்சல் சத்தம் எஸ் மீட்டர்ல (சிக்னல் அளவு காட்டற மீட்டர்) 7ல நின்னா உடனே செட்ட திட்டாதீங்க. பேட்டரி டிரான்சிஸ்டர் ரேடியோல மீடியம் வேவ் போட்டு வீட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி பாருங்க, சத்தம் நின்னா குற்றவாளி உங்க வீட்ல, எல்இடி டிரைவரோ இன்வர்ட்டரோ வைஃபை அடாப்டரோ, ஒண்ணொண்ணா போட்டு கண்டுபுடிச்சு மாத்துங்க. நிக்கலன்னா லிஃப்ட் மோட்டாரோ பக்கத்து மாடி சோலாரோ, அப்ப ஆன்டெனாவ அதுல இருந்து தள்ளி கட்டறது தான் வழி.

டிரான்ஸ்மிட்டுக்கு மொதல்ல டம்மி லோட் (ஆன்டெனாவுக்கு பதிலா பவர வாங்கிக்கற ரெசிஸ்டர்), 50 ஓம், 100 வாட். ஆன்டெனால டியூன் கத்துக்காதீங்க. ஹீட்டர் போட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. கேலிப்ரேட்டர் சிக்னல் எஸ் மீட்டர்ல உச்சத்துக்கு வர்ற மாதிரி டிரைவ் நாப வைங்க, யேசுல ப்ரீசெலக்டர்னு இருக்கும். மீட்டர ஐபி-ல (வால்வு பிளேட் கரண்ட்) வெச்சு, மைக் கெயின் சைபர், எஸ்எஸ்பி (குரல்) மோடு, செண்ட் சுவிட்ச் போடுங்க. டிஎஸ்-520எஸ்ல ஊசி 60 மில்லியாம்ப்ல நிக்கணும், இல்லன்னா பயாஸ் கண்ட்ரோல்ல கொண்டு வாங்க, ஊசி தானா ஏறிட்டே போனா வால்வு போச்சு, உடனே ஆஃப். அடுத்து டியூன் மோடு, கேரியர (குரல் இல்லாத வெறும் அலை) கொஞ்சமா குடுத்து ஊசி 100 கிட்ட வந்ததும் பிளேட் நாப மெதுவா திருப்புங்க, ஒரு எடத்துல ஊசி டக்குன்னு கீழ குதிச்சு திரும்ப ஏறும், அந்த பள்ளம் தான் டிப், அதோட அடில விடுங்க. அங்க இல்லாம விட்டா பவர் முழுக்க வால்வு தகட்டுலயே சூடா போகும், தகடு செவந்தா அவ்ளோ தான். இனி மீட்டர ஆர்எஃப்க்கு (வெளிய போற பவர்) மாத்தி, லோட் நாப் கொஞ்சம், பிளேட் நாப் கொஞ்சம், மாத்தி மாத்தி உச்சத்துக்கு கொண்டு வாங்க. ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல கீ டவுன் (தொடர்ந்து டிரான்ஸ்மிட்) கூடாது, நடுவுல அரை நிமிஷம் ரெஸ்ட். ஒவ்வொரு பேண்டுக்கும் நாப் நின்ன எடத்த பேப்பர்ல எழுதி செட் பக்கத்துல ஒட்டிட்டா அடுத்த தடவ நேரா அங்க வெச்சிடலாம்.

மைக் ஒரு சின்ன விஷயம் தான் ஆனா நெறைய பேர் மாட்டற எடம், டிஎஸ்-520, எஃப்டி-101இ ரெண்டுக்கும் 50 கிலோ ஓம் மைக் வேணும், இப்ப வர்ற 600 ஓம் மைக்க மாட்டினா குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி மெல்லிசா போகும், நடுவுல ஒரு சின்ன ப்ரீஆம்ப் போடுங்க. எஸ்எஸ்பி-ல கீழ் பக்கம் (எல்எஸ்பி), மேல் பக்கம் (யுஎஸ்பி)னு ரெண்டு உண்டு, 10 மெகாஹெர்ட்ஸுக்கு கீழ எல்எஸ்பி, மேல யுஎஸ்பி. காலைல 7 மெகாஹெர்ட்ஸ்ல சென்னை, கோவை பக்கம் எல்லாம் சுலபமா கேக்கும், தமிழ்லயே பேசிட்டிருக்கறவங்க நடுவுல ஒரு இடைவெளி பாத்து கால் சைன் மட்டும் சொல்லுங்க, கூப்புட்டு ஆடியோ எப்படி இருக்குன்னு மனசார ரிப்போர்ட் குடுப்பாங்க. எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியா அனுப்பற டிஜிட்டல் மோடு) ஆசை இருந்தா பவர பாதிக்கு கீழ வைங்க, 15 செகண்ட் சுழற்சில கிட்டத்தட்ட 13 செகண்ட் முழு கேரியர், இந்த வால்வுங்க அதுக்கு செஞ்சதில்ல. 30, 17, 12 மீட்டர் பேண்ட் வேணும்னா 520 ஆகாது, அந்த பேண்டுங்க ஒதுக்கினதே 1979 உலக ரேடியோ மாநாட்டுல தான், 530, 830ல இருக்கு.

வால்வே வேணாம், எண்பதுகளோட முழு டிரான்சிஸ்டர் செட் போதும்னா அதுக்கும் தனி நோய் உண்டு. டிஎஸ்-440எஸ்ல டிஸ்ப்ளேல நம்பருக்கு பதிலா வெறும் புள்ளி வந்தா விசிஓ-வுல (ஃப்ரீக்வன்சி உண்டாக்கற சர்க்யூட்) ஊத்தின பசை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், சுரண்டி எடுத்தா சரியாகும். ஐகாம் ஐசி-751ல உள்ள இருக்கற லித்தியம் செல் செத்தா செட்டோட ப்ரோக்ராமே அழிஞ்சிடும், வாங்கறதுக்கு முன்னாடி செல் எப்ப மாத்தினதுன்னு கேளுங்க.

மாசத்துல ரெண்டு மூணு தடவையாவது அரை மணி நேரம் ஓட விடுங்க, சும்மா கெடந்தா தான் கெப்பாசிட்டரும் சுவிட்சும் கெடும். 12பிஒய்7ஏ டிரைவர் வால்வு ஒண்ணு, ஃபைனல் ஒரு ஜோடி, கெடைக்கற போதே வாங்கி வைங்க. ஏப்ரல் மே சாயங்கால இடி மழைக்கும் செப்டம்பர் அக்டோபர் மழைக்கும் பவர் சுவிட்ச் ஆஃப் மட்டும் பத்தாது, ஆன்டெனா கேபிள (கோஆக்ஸ்) செட்டுல இருந்து கழட்டி ஜன்னலுக்கு வெளிய போட்டுட்டு பிளக்கையும் புடுங்கி வெச்சிடுங்க.