மதுரை வெயிலில் மலைக் கிங்ஸ்னேக் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தல்

கிங்ஸ்னேக் என்றதும் நம் ஊரில் ராஜநாகத்தை நினைத்துக்கொள்கிறார்கள்; அதனுடன் மலை என்பதும் சேர்ந்தால் மலைப்பாம்பு என்று முடிவே செய்துவிடுகிறார்கள். இது இரண்டும் அல்ல. சிவப்பு, கறுப்பு, வெள்ளை வளையங்கள் மாறி மாறி அமைந்த, ஏறத்தாழ மூன்றடி நீளமுள்ள, நஞ்சற்ற இந்தப் பாம்பு, அரிசோனா, கலிபோர்னியா, வடமெக்சிகோ ஆகிய பகுதிகளின் மலைக்காடுகளைச் சேர்ந்தது. மூக்கு வெளுத்திருந்தால் அரிசோனா வகை. கறுத்திருந்தால் கலிபோர்னியா வகை. முறையான ஆவணங்கள் உள்ள விலங்கை மட்டுமே வாங்க வேண்டும். நம் நாட்டுப் பாம்புகளோ 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைப் பிடித்து வளர்க்க எண்ணவே கூடாது.

வெளிநாட்டுக் கையேடுகள் வெப்ப விளக்கு, வெப்பத்தட்டு என்று பக்கம் பக்கமாகப் பேசும். மதுரையில் நமக்குள்ள வேலை அதற்கு நேர் எதிரானது. இங்கே குளிர்ச்சிக்குத்தான் செலவு. 32 டிகிரியைத் தாண்டிய அறையில் இப்பாம்பு வாடிப்போகும். இனப்பெருக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று மாதக் குளிர் உறக்கம் தேவை; அதற்கு 10 முதல் 13 டிகிரி வரை வெப்பநிலை இருக்க வேண்டும். மார்கழி இரவில்கூட மதுரை அவ்வளவு குளிர்வதில்லை. கொடைக்கானலில் நம்பகமான உறவினர் இருந்தால் நல்லது. இல்லையென்றால், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி இணைத்த பழைய குளிர்சாதனப் பெட்டியை 12 டிகிரியில் நிறுத்தி, காற்று மாறுவதற்காக நாள்தோறும் ஒருமுறை கதவைத் திறந்துவிடலாம். கருவி இல்லாமல் வைத்தால் பெட்டி 4 டிகிரிக்கு இறங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. உறக்கத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே இரையை நிறுத்திவிட வேண்டும். செரிக்காத இரை குளிரில் வயிற்றிலேயே அழுகும். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் எப்போதும் இருக்கட்டும். மெலிந்த பாம்பை அந்த ஆண்டு உறங்க வைக்க வேண்டாம்.

நவம்பர் நடுவில் உறங்கவிட்டுப் பிப்ரவரி நடுவில் மெல்ல மெல்ல வெப்பமேற்றி எழுப்பினால், நன்றாக இரை எடுத்த பெண் பாம்பு முதல் சட்டையை உரித்தவுடன் ஆணுடன் சேர்க்கலாம். ஒன்றையொன்று விழுங்கக்கூடிய இனம் என்பதால், இரண்டையும் வயிறாரத் தின்ன வைத்த பிறகே சேர்க்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருப்பதும் அவசியம். பெண் மீண்டும் சட்டை உரித்துச் சுமார் பத்து நாட்களில் முட்டையிடும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு முட்டைகள். ஈரப்பாசி நிரப்பி, பாம்பு நுழையும் அளவுக்கு மூடியில் துளையிட்ட டப்பாவை முன்கூட்டியே கூண்டில் வைத்திருக்க வேண்டும்.

நம் தலையெழுத்து, முட்டை வருவது பெரும்பாலும் கத்திரி வெயிலில்தான். மாடித்தோட்டக் கடைகளில் கிடைக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகளுடன் அதே எடை தண்ணீர் கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பரப்பி, முட்டைகளைப் பாதியளவு புதைத்து, மேற்புறத்தில் பென்சிலால் குறியிட வேண்டும். அதன்பின் அவற்றை உருட்டக் கூடாது. ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்கவும் கூடாது. டப்பாவைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, குளிரூட்டிய அறையில் 26, 27 டிகிரியில் காக்க வேண்டும். மின்சாரம் போனால், துணி சுற்றிய பனிக்கட்டிப் போத்தல் ஒன்றைத் தெர்மாகோல் பெட்டிக்குள் ஓரமாக வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம்.

இரண்டு மாதம் கடந்ததும், ஆடி மாத வாக்கில், முட்டை குழிந்து வியர்த்ததுபோல் தோன்றும். பின்னர் மேல்தோலில் மெல்லிய கீறல்கள் விழும். மேல்தாடை நுனியிலுள்ள முட்டைப்பல்லால் குஞ்சு உள்ளிருந்து கிழிக்கும் தடம் அது. மூக்கு வெளியே தெரியும். நம் நிழல் பட்டதும் உள்ளே போய்விடும். ஒரு நாளோ இரண்டு நாளோ இப்படியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். எஞ்சிய மஞ்சள் கருவை உடல் ஈர்த்துக்கொள்ளும் நேரம் இது. முதல் ஆண்டு நான் பொறுமையிழந்து கத்தரிக்கோல் எடுத்தேன். மஞ்சள் கரு இருக்கும் பை கிழிந்து அக்குஞ்சு இறந்துபோனது. விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதே சரி.

வெளிவந்த குஞ்சுகளை அன்றே தனித்தனி டப்பாக்களில் ஈரத் துணித்தாளுடன் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரங்களில் முதல் சட்டை உரித்த பிறகே இரை கொடுக்கலாம். காட்டில் பல்லி வகைகளைத் தின்று வளரும் இனமாதலால், கண் திறக்காத எலிக்குஞ்சைச் சில குஞ்சுகள் முகர்ந்துகூடப் பார்க்காது. கதவிடுக்கில் நசுங்கிச் செத்த பல்லியைச் சில வாரம் உறைநிலையில் வைத்திருந்து, பல்லி வாடை ஏறுவதற்காக அதை எலிக்குஞ்சின் தலையில் தேய்த்து, இரவில் டப்பாவுக்குள் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். விடியும்போது பெரும்பாலும் டப்பா காலியாக இருக்கும்.