‘பேர்’ என்ற ஆங்கில வினை: எங்கே சீவலாம், எங்கே கூடாது

‘சென்செக்ஸ் பேர்ஸ் லாஸஸ்’ என்று வணிகச் செய்தியில் தலைப்பு வந்தால், நட்டம் கூடிவிட்டது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பொருள் நேர் எதிர். காலையில் 600 புள்ளி சரிந்த சந்தை, மாலையில் 200 புள்ளிச் சரிவோடு முடிந்தால், நட்டத்தில் ஒரு பகுதியைச் சீவி எடுத்துவிட்டது என்று அர்த்தம். சரிவு இன்னும் இருக்கிறது, அளவுதான் குறைந்திருக்கிறது. முழுவதும் மீண்டிருந்தால் ‘இரேஸ்ட்’ என்று எழுதியிருப்பார்கள். ‘பேர்ஸ் கெயின்ஸ்’ என்றால் ஏறியதில் கொஞ்சம் இறங்கிவிட்டது. பணம் போடுகிறவர் இந்த ஒரு சொல்லில் தடுமாறக் கூடாது.

பி-ஏ-ஆர்-இ என்று எழுதும் இந்த வினைக்குத் தமிழில் மிக நெருங்கிய சொல் ‘சீவு’. மேற்பரப்பை ஒட்டிக் கத்தியை ஓட்டி, வேண்டாததை மெல்லிசாக எடுப்பது. அதற்காக ‘சீவு’ வருகிற இடத்திலெல்லாம் இதைப் போட முடியாது. தலை சீவுவதற்கு ‘கோம்’, பென்சில் சீவுவதற்கு ‘ஷார்ப்பன்’. பாக்குச் சீவலுக்கும் இது ஒட்டாது. அங்கே சீவி எடுத்த துண்டுதான் வாய்க்குப் போகிறது. ‘பேர்’ செய்யும்போதோ சீவியது பெரும்பாலும் குப்பைக்கு, மிஞ்சியதே நமக்கு.

சமையலில் ‘பீல்’ என்ற சொல்லோடு குழப்பம் வரும். உரிப்பது, சீவுவது இரண்டையும் ‘பீல்’ தாங்கும். ‘பேர்’ சீவுவதை மட்டுமே தாங்கும். ஆப்பிளுக்கு இரண்டும் சரி. வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு இவற்றின் தோல் கையாலேயே கழன்று வருவதால் ‘பீல்’ மட்டும்தான். சுமார் 3 முதல் 4 அங்குல அலகுள்ள சின்னக் கத்திக்குப் ‘பேரிங் நைஃப்’ என்று பெயர் வந்ததும் இந்த வேலையால்தான்.

செடி கொடிக்கு இந்தச் சொல் வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து என்கிறோமே, அது ‘ப்ரூன்’. பெரிய கிளையை ஒரே வீச்சில் கழிப்பது ‘லாப்’. ஓரத்தை ஒழுங்காக நறுக்குவது ‘ட்ரிம்’. மாடு, குதிரையின் குளம்பைச் சீவுவதற்கு மட்டும் ‘பேர்’ கச்சிதமாகப் பொருந்தும்.

செலவு, ஆள்பலம், கட்டுரை என்று கண்ணுக்குத் தெரியாதவற்றைக் குறைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். ‘பேர் டவுன்’ என்றால் அதன் செயப்படுபொருள் சிறுத்து மிஞ்சுவது. ‘பேர் அவே’ என்றால் பெரும்பாலும் எடுத்தெறியப்படுவது. பட்ஜெட்டைக் குறைத்தோம் என்று சொல்லப்போய் ‘பேர் அவே த பட்ஜெட்’ என்று எழுதினால், பட்ஜெட்டே கரைந்துபோனதாகப் படும். இடைச்சொல்லும் கணக்கை மாற்றும்: 40 பக்க அறிக்கையை ‘டு டென் பேஜஸ்’ குறைத்தால் மிஞ்சுவது 10 பக்கம், ‘பை டென் பேஜஸ்’ குறைத்தால் மிஞ்சுவது 30. பாதி ஊழியர்களை ஒரே நாளில் நீக்கியதற்கும் இந்த வினை பொருந்தாது, அது ‘ஸ்லாஷ்’. சீவுவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அப்படிச் சீவிச் சீவி இனி எடுக்க ஒன்றுமில்லை என்ற நிலைக்கு ‘டு த போன்’ என்று சேர்ப்பார்கள், எலும்பு தெரியும்வரை என்று.

எழுத்துப் பிழைதான் மிகப் பரவலானது. ஜோடி, பேரிக்காய், இந்த வினை மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. ஜோடியின் எழுத்தில், பி-ஏ-ஐ-ஆர் என்று, ‘பேர் டவுன்’ எழுதுவதை அச்சேறிய இதழ்களில்கூடப் பார்க்கலாம். இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினியின் பிழைதிருத்தி இதை அடிக்கடி விட்டுவிடும். இறந்தகாலத்தில் ஒரே ஒரு ‘ஆர்’, கடைசியில் ‘டி’. ‘இங்’ சேர்க்கும்போது கடைசி ‘இ’ விழும். நடுவில் ‘ஐ’ நுழைந்தால் ஜோடி சேர்ப்பதாகிவிடும். நினைவில் வைக்க நல்ல வழி, ‘ப்ரிப்பேர்’ என்ற சொல்லின் பின்பாதியைப் பார்ப்பது. இரண்டும் ஆயத்தம் செய்வதைக் குறித்த ‘பராரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தவை, கடைசி நான்கு எழுத்தும் அப்படியே ஒன்று.