கோர்னீலியாவிலிருந்து மனரோலாவுக்கு மலைப்பாதையில் நடப்பது எப்படி

இத்தாலியில் சிங்க்வே தெர்ரே என்றழைக்கப்படும் ஐந்து கடலோர ஊர்களுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரயிலில் ஊர் ஊராக இறங்கி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உங்களுக்கு அரை நாள் கிடைத்தால் அவற்றில் ஒன்றான கோர்னீலியாவில் இறங்கி, வொலாஸ்த்ரா என்ற மலைக் கிராமம் வழியாக இன்னொன்றான மனரோலா வரை நடந்தே போங்கள். சுமார் 6 கிலோமீட்டர்தான், ஆனால் மலை என்பதால் 3 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஊர்களில் கோர்னீலியா மட்டும்தான் கடலை ஒட்டி இல்லாமல், ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போக 380 படி போல ஏறவேண்டும். நான் சொன்னால் கேளுங்கள், சிறு பேருந்தில் ஏறிவிடுங்கள், கால்களுக்கு வேலை இனிமேல்தான். சான் பியெத்ரோ தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே மேலே போகும் பாதை தொடங்குகிறது. வொலாஸ்த்ரா என்ற பலகையையும், கல்லிலும் மரத்திலும் பூசியிருக்கும் சிவப்பு வெள்ளைக் கோடுகளையும் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தவறாது. முதலில் காட்டுக்குள் செங்குத்தான ஏற்றம். மூச்சு வாங்கும், அவசரப்படாதீர்கள்.

ஏறி முடித்ததும் பாதை சமமாகிவிடும், அப்புறம் வொலாஸ்த்ரா வரை திராட்சைத் தோட்டங்களின் விளிம்பிலேயே நடை, கீழே கடல். இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவு தூரம் வரச் சொல்கிறேன். மலையைப் படிப்படியாக வெட்டி, சுண்ணாம்போ மண் சாந்தோ இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிச் சுவர் கட்டி, அதற்குப் பின்னால் மண்ணை நிரப்பித்தான் கொடி வளர்க்கிறார்கள். மழைத் தண்ணீர் கல் இடுக்குகள் வழியாக வடிந்துவிடுவதால் சுவர் நிற்கிறது; பராமரிக்க ஆளில்லாமல் விட்டுவிட்டால் சரிந்து, மண்ணும் கூடவே இறங்கிவிடும். அதனால் படம் எடுப்பதற்காகக்கூட அந்தச் சுவர்மேல் ஏறாதீர்கள், எதிரே ஆள் வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். கொடிகளுக்கு நடுவே பல் வைத்த ஒற்றைத் தண்டவாளம் ஒன்று செங்குத்தாகப் போவதைப் பார்ப்பீர்கள், அறுவடைக் காலத்தில் திராட்சைக் கூடைகளை ஏற்றி இறக்கும் குட்டி வண்டி அதில்தான் ஓடுகிறது.

பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். செருப்போடு பாதையில் இறங்கினால் அபராதம் போடுவார்கள். வழியில் நிழல் குறைவு, தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் கனமழை பெய்திருந்தால் போகவேண்டாம். 2011 அக்டோபர் மழையில் பக்கத்து ஊர்களான வெர்னாட்சாவும் மொந்தெரொஸ்ஸோவும் சேற்றில் மூழ்கின. கிளம்புமுன் சிங்க்வே தெர்ரே தேசியப் பூங்கா அலுவலகத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

வொலாஸ்த்ராவில் தேவாலயத்துக்கு முன்னால் கொஞ்சம் உட்காருங்கள். மனரோலாவுக்கு இறங்கும் வழி முழுக்க ஆலிவ் மரங்களுக்கு இடையே கல் படிகள், முட்டியைப் பதம் பார்த்துவிடும். முட்டி வலி உள்ளவர்கள் அங்கிருந்து பேருந்தில் இறங்கலாம், இல்லையென்றால் மனரோலாவிலிருந்து பேருந்தில் வொலாஸ்த்ரா ஏறி, கோர்னீலியா பக்கமாக நடக்கலாம். எந்தப் பக்கமாக வந்தாலும் முடிவில் ஷாக்கெத்ரா கேளுங்கள், நீங்கள் கடந்து வந்த அதே தோட்டத்துத் திராட்சையை உலர்த்திச் செய்யும் இனிப்பு ஒயின் அது. விலை அதிகம்தான், சின்னக் கிளாஸ் போதும்.