திருவிழா வீடியோவை வீட்டில் எடிட் செய்ய எந்த மாதிரி கணினி வேண்டும்?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கல்யாணம், தீமிதி, காவடி என்று வீடியோ எடுக்கிற தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" கார்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் வீடியோ ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

போனிலும் கேமராவிலும் பதிவாகும் ஃபைல் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 முறையில் சுருக்கியதுதான். இடத்தை மிச்சம் பிடிக்க, எல்லா ஃப்ரேமையும் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு படம்தான் ஃப்ரேம்) முழுதாக வைக்காமல், பக்கத்து ஃப்ரேமிலிருந்து மாறியதை மட்டும் எழுதி வைக்கும். சும்மா பார்க்க இது போதும். ஆனால் காவடி எடுப்பவர் சுழன்று திரும்புகிற அந்த ஒரு ஃப்ரேமில் வெட்ட வேண்டும் என்று நீங்கள் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும்போது, அந்த ஒரு படத்துக்காகக் கணினி அதைச் சுற்றியுள்ள பல ஃப்ரேம்களைப் பிரித்தாக வேண்டும். திக்கல் அங்கேதான் வருகிறது.

அதனால் ப்ராசஸரில் காசு போடுங்கள். உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற இன்டெல் மாடல்களில், இப்படிப் பிரிக்கிற வேலைக்கென்றே குயிக் சிங்க் என்ற பகுதி இருக்கிறது. மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்று இருந்தால் அது கிடையாது, விலை குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள். உங்கள் கேமரா எச்.265-இல் 10 பிட் 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாக வைக்கும் முறை) பதிவு செய்தால் இது இன்னும் முக்கியம்: 11ஆம் தலைமுறை முதல் இன்டெல் கிராபிக்ஸ் அதைப் பிரித்துவிடும், என்விடியாவின் தனி கிராபிக்ஸ் கார்டுகளிலோ ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்திய கார்டுகளுக்கு அது வராது.

ரேம், 1080பி-க்கு 16 ஜிபி, 4கே என்றால் 32. ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்கிப் போடுங்கள், வேகம் கூடும்.

டிஸ்க் விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் எடுத்த 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, நாலு மணி நேரம் என்றால் 540 ஜிபி. ஒரு கேமரா என்றால் பழைய ஹார்டு டிஸ்க்கே தாங்கும், மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டால்தான் அதன் முள் அங்கும் இங்கும் தாவித் திணறும். அதனால் நடக்கிற வேலை 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டியில் (முள் இல்லாத வேகமான டிஸ்க்), முடிந்த வேலை ஹார்டு டிஸ்க்கில், அதுவும் இரண்டு டிஸ்க்கில். எங்கள் தோட்டத்துக் கோயிலின் கடைசித் திருவிழாவை ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தேன், டிஸ்க் போய்விட்டது. தோட்டமும் கைமாறிவிட்டது, அந்தக் கோயில் இன்று அங்கே இல்லை. தயவுசெய்து இரண்டு பிரதி வையுங்கள்.

சரி, இப்போது கார்டு. வெட்டி ஒட்டி, பெயர் போட்டு 1080பி-யில் கொடுப்பவருக்கு உள்ளே இருக்கிற கிராபிக்ஸே போதும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கலர் திருத்தம், இரவில் எடுத்த படத்தின் புள்ளிகளைக் குறைப்பது என்று இறங்கினால்தான் தனிக் கார்டு வேண்டும், 4கே என்றால் 8 ஜிபி மெமரிக்குக் குறையாமல்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் இருக்கிற கணினியிலேயே ப்ராக்ஸி போட்டுப் பாருங்கள். ரிசால்வ், பிரீமியர் இரண்டு மென்பொருளிலும் உண்டு: சின்ன அளவுப் பிரதியில் எடிட் செய்வீர்கள், கடைசியில் அசல் ஃபைலிலிருந்து வெளியாகும். ஐந்தாறு வருடப் பழைய லேப்டாப்கூட இதில் ஓடும்.

நம்ம ஊர் இடி மின்னலை மறக்காதீர்கள். ஒரு யூபிஎஸ் வைத்தால் கரண்ட் போனாலும் சேமித்துவிட்டு அணைக்க நேரம் கிடைக்கும். ஆனால் மின்னலுக்கு அதை நம்ப வேண்டாம், வானம் கறுத்தால் வேலையைச் சேமித்து, பிளக்கைக் கழற்றிவிடுங்கள், மோடத்திலிருந்து வருகிற கேபிளையும் சேர்த்து.