ஸ்காலர்ஷிப் பணம் அக்கவுண்டுக்கு வந்து சேர

ஸ்காலர்ஷிப்புக்கு ஃபார்ம் நிரப்புவது அரை மணி நேர வேலை. தகுதி இருந்தும் பணம் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இனிஷியலாக இருக்கும், இல்லையென்றால் பேங்க் அக்கவுண்டாக இருக்கும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றிதழுக்குப் போட்டுவிடுங்கள். அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், அதனால் போன வருடம் வாங்கியதை நம்பி உட்கார வேண்டாம். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மூன்று பேரைத் தாண்டி வர வேண்டும், அட்மிஷன் நேரத்தில் கூட்டம் வேறு. வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் அப்போதே போடுங்கள், கவுன்சலிங்கில் இன்ஜினியரிங் சேருபவர்களுக்கு வருடம் 25,000 ரூபாய் வரை கட்டணம் குறையும்.

அப்புறம் ஆதார், மார்க்‌ஷீட், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருக்கும். மார்க்‌ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு, ஆதாரை அதற்கேற்ப மாற்றுவது சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற விடுவார்கள், எழுத்துக்கூட்டிப் பார்த்துக் கொடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது பேங்க் விஷயத்தில். "ஆதார் லிங்க் பண்ணியாச்சு" என்று பேங்க்கில் சொன்னால் அது வெறும் கேஒய்சியாக, அதாவது நீங்கள் யார் என்று பேங்க் சரிபார்த்துக்கொண்டதாக மட்டும் இருக்கலாம். அரசுப் பணம் வர, பேங்க்குகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் அமைப்பான என்பிசிஐயில் உங்கள் ஆதாரோடு அந்த பேங்க் இணைந்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பேங்க்தான் இணைந்திருக்கும், ஃபார்மில் நீங்கள் எந்த அக்கவுண்டை எழுதினாலும் பணம் அப்படி இணைந்த பேங்க்குக்குத்தான் போகும். பள்ளியில் திறந்து மறந்துபோன அக்கவுண்டில் ஸ்காலர்ஷிப் பணம் கிடப்பது இப்படித்தான். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் தெரிந்துவிடும்.

எதற்குப் போடுவது? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம், மாதம் 1,000 ரூபாய். கல்லூரி வழியாகவே பதிய வேண்டும். ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்த பெண்ணா, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ளா? பிரகதி ஸ்காலர்ஷிப்பை விடாதீர்கள், வருடம் 50,000 என்பது சும்மா இல்லை. அதற்கு தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் போட வேண்டும். கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சப்மிட் கொடுத்ததோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். கல்லூரி சரிபார்த்து அனுப்பினால்தான் அடுத்த கட்டம். ஆபீஸில் ஸ்காலர்ஷிப் பார்ப்பவரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள், கொஞ்சம் தொல்லையாக நினைத்தாலும் பரவாயில்லை. 'டிஃபெக்டிவ்' (குறை இருக்கிறது) என்று திரும்பி வந்தால் கடைசித் தேதிக்குள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும், அந்தத் தகவல் பதிவு செய்த மொபைலுக்குத்தான் வரும். பிரவுசிங் சென்டரில் போட்டாலும் அவர்கள் நம்பரைக் கொடுக்காமல் உங்கள் நம்பரையே கொடுங்கள், அடுத்த வருடம் ரினியூவலுக்கும் ஓடிபி அதற்குத்தான் வரும்.