ஒட்டுத்துணி போர்வை தைக்க பழைய மெஷின் வாங்குறீங்களா, முதல்ல மெஷின் தலையைச் சாய்ச்சு அடியைப் பாருங்க

மண்டபத்துல இருந்து கீழக்கரை வரைக்கும் எந்த ஊருக்குள்ள போனாலும் பழைய வீட்டு மூலையில ஒரு கருப்பு தையல் மெஷின் துணி மூடி நிக்கும். எங்க பாட்டி வீட்டு மெஷின் தனுஷ்கோடி தலைமன்னார் கப்பல் ஓடின காலத்துல கொழும்புல இருந்து வந்தது, 64 புயலுக்கு அப்புறம் அந்தக் கப்பலே இல்ல, மெஷின் மட்டும் இன்னும் தைக்குது. பழைய சேலை, கைலி, சட்டைத் துண்டையெல்லாம் சதுரம் சதுரமா வெட்டி ஒட்டுப்போட்டு போர்வை தைக்க ஆசைப்படுற தங்கச்சிங்க நெறைய பேரு எந்த மெஷின் வாங்கலாம்னு கேக்குறீங்க, அதான் எழுதுறேன்.

இந்த வேலைக்கு ஜிக்ஜாக், எம்ப்ராய்டரி எதுவும் வேணாம். நேர்த்தையல் ஒண்ணு போதும், ஆனா அது கோணாம ஒரே அளவுல வரணும். நேர்த்தையல் மட்டும் போடுற பழைய மெஷின்ல ஊசி இறங்குற பிளேட்ல ஒரு சின்ன வட்ட ஓட்டைதான் இருக்கும், அதனால சின்னத் துண்டோட முனையை உள்ள இழுத்து முழுங்காது. ஜிக்ஜாக் மெஷின்ல ஓட்டை அகலமா இருக்கும், முக்கோணத் துண்டு வச்சு தைச்சா முதல் தையல்லயே முனை கீழ போய் சிக்கிக்கும். பின்னாடி தைச்சு முடிச்சுப் போடுற ரிவர்ஸ் இல்லையேன்னு பழைய மெஷினை ஒதுக்காதீங்க, ஒரு தையல் மேல குறுக்க இன்னொரு தையல் வந்து அதுவே பூட்டிடும்.

இப்ப நம்ம ஊரு விஷயம், உப்புக்காத்து. மத்த ஊர்ல பெயிண்ட், பூ ஸ்டிக்கர் எல்லாம் பாத்து வாங்குவாங்க, இங்க அப்படி வாங்கினா ஏமாந்துடுவோம், நான் ஏமாந்துருக்கேன். புதுசா பளபளன்னு கருப்பு பெயிண்ட் அடிச்சு தங்கக்கலர் பூ ஒட்டின மெஷின் ஒண்ணை ஆசையா வாங்கிட்டு வந்து வீட்டுல தலையை, அதாவது பலகைக்கு மேல நிக்கிற தைக்கிற பாகத்தை, பின்னாடி சாய்ச்சுப் பாத்தா அடியில இருக்கிற கம்பியெல்லாம் துரு அரிச்சு குழி குழியா இருக்கு, துரு மேலயே பெயிண்ட் அடிச்சிருக்காங்க, துணியை நகர்த்துற பல்லு ஏறி இறங்குற இடத்துல தேய்மானம் வேற, துணி ஒரு தையலுக்கு நகரும் அடுத்த தையலுக்கு நிக்கும். அன்னைக்கு அழுதுட்டேன்.

அதனால போன உடனே தலையைச் சாய்ச்சு அடியைப் பாருங்க, போன்ல டார்ச் போட்டு. செம்மண் கலர்ல மேலாப்புல படிஞ்ச துரு பரவால்ல, துணியில தேய்ச்சா போயிடும். நகம் வச்சா மாட்டுற அளவு குழி இருந்தா வேணாம். ஊசி மாட்டுற கம்பி, துணியை அமுக்குற ஃபுட்டோட கம்பி, கீழ் நூல் சுத்தின பாபினை வைக்கிற கேஸ் உக்காருற வளையம், இந்த மூணும் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கணும். அப்புறம் ஊசியில நூல் கோக்காம மேல இருக்கிற வீலை உங்க பக்கமா மெதுவா கையால சுத்துங்க. சுத்து முழுக்க ஒரே கனமா வந்தா நல்லது. மொத்தமா இறுக்கமா இருந்தா பயப்படாதீங்க, முக்காவாசி தேங்காண்ணெய் விட்ட பாவம்தான், அது நாள்பட பிசின் மாதிரி ஆயிடும், மண்ணெண்ணெய் சொட்டு சொட்டா விட்டு ரெண்டு நாள் ஊற வச்சு துடைச்சு மெஷின் ஆயில் போட்டா இளகிடும். ஆனா ஒவ்வொரு சுத்துலயும் ஒரே இடத்துல டக்குனு தட்டிச்சுன்னா விட்டுட்டு வந்துடுங்க. ஊசிக் கம்பியைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டியும் பாருங்க, லொடலொடன்னா தையல் கோணும்.

எந்த மாடல்னா, நான் முதல்ல சொல்றது சிங்கர் கம்பெனியோட 15ம் நம்பர் மாடல் அமைப்பு. உஷாவோட பழைய கருப்புத் தலை மெஷினும் அதே அமைப்புதான், பாபின், பாபின் கேஸ், ஊசி எல்லாம் ராமநாதபுரத்துல எந்த தையல் சாமான் கடையிலயும் கிடைக்கும். உதிரி சாமான் கிடைக்காத மெஷின் எவ்வளவு அழகா இருந்தாலும் நமக்கு பாரம்தான். சிங்கர் 201 ரொம்ப அமைதியா ஓடும், கிடைச்சா விடாதீங்க. 99 சின்னது, துண்டு சேர்க்க அருமை, ஆனா மெஷின் கைக்கு அடியில இடம் கம்மி, பெரிய போர்வையைச் சுருட்டி உள்ள தள்ள கஷ்டப்படுவீங்க. கீழ் நூல் பாபினை வச்சிருக்கிற தோணி மாதிரி நீள ஷட்டில் முன்னும் பின்னும் ஆடுற 27, 28 மாடல் இன்னும் பழசு, தையல் முத்து முத்தா விழும், ஆனா அந்த ஷட்டிலும் நீள பாபினும் கூடவே இருந்தா மட்டும் வாங்குங்க.

மோட்டார் மாட்டினதா இருந்தா வயரை மடக்கிப் பாருங்க, மேல் ரப்பர் உதிர்ந்தா மாத்தாம பிளக்ல சொருகாதீங்க. வெளிநாட்டுல இருந்து வந்ததுன்னா மோட்டார் தகட்டைப் படிங்க, 110 வோல்ட்னு இருந்தா நம்ம கரண்டுல புகைஞ்சிடும். எனக்கு மிதிக்கிற மெஷின்தான் பிடிக்கும், வாடைக்காத்து மழையில கரண்டு போனாலும் வேலை நிக்காது.

சோதனை பண்ண வீட்டுல இருந்தே துணி எடுத்துட்டுப் போங்க, இதை மட்டும் மறக்காதீங்க. ஒன்றரை இஞ்ச் அகலத்துல மூணு பட்டை காட்டன் துணி, மேலயும் கீழயும் ரெண்டு கலர் நூல், 14ம் நம்பர் புது ஊசி ஒண்ணு. கால் இஞ்ச் ஓரம் விட்டு மூணையும் சேர்த்து தைச்சு விரலால நீவி அளந்தா நடுப்பட்டை சரியா ஒரு இஞ்ச், மொத்தம் மூன்றரை இஞ்ச் வரணும். ஒரு முனையில சரியா இருந்து மறுமுனையில கூடிக் குறைஞ்சா, உங்க கை பழகலையா மெஷின் இழுக்குதான்னு பாக்க இன்னொரு தடவை கையை லேசா விட்டு தைங்க. மேல் நூல் கலர் அடியில புள்ளியா தெரிஞ்சா நூல் இறுக்கத்தை மாத்துற டென்ஷனைத் திருகிப் பாக்கலாம், அது குறை இல்ல. தையல் விட்டு விட்டு விழுந்தா ஊசியைத் திருப்பி மாட்டியிருக்காங்களான்னு பாருங்க, ஊசியில நீளக் குழி இருக்கிற பக்கத்துல இருந்துதான் நூல் நுழையணும், இது தெரியாமலே நல்ல மெஷினை இரும்புக்குப் போட்டவங்க உண்டு. கடைசியா துணி, பழைய சேலை ரெண்டு மடிப்பு, துணின்னு போர்வை கனத்துக்கு வச்சு தைச்சுப் பாருங்க, ஃபுட் ஏறி இறங்கி ஓடினா போதும்.

வாங்கியாச்சுன்னா ஸ்டாண்டோட ஆட்டோவுல ஏத்தாதீங்க. தலைக்குப் பின்னாடி ரெண்டு கீல் இருக்கும், அதோட திருகைத் தளர்த்தினா தலை தனியா வந்துடும், பெல்ட்டை முதல்ல கழட்டிடுங்க. தலையைப் பழைய போர்வையில சுத்தி மடியில வச்சுக்கங்க. வீட்டுல கடலைப் பாத்த ஜன்னல் பக்கம் வைக்காம உள்ரூம்ல வச்சு காட்டன் துணியால மூடுங்க, பிளாஸ்டிக் கவர் போட்டா உள்ள வேர்த்து ஒரே மழைக்காலத்துல துரு பிடிச்சிடும்.