ரத்த தான முகாமில் முதன்முறை தொண்டூழியம்: பதிவு மேசையிலிருந்து பிஸ்கட் மேசை வரை

சிங்கப்பூரில் ரத்தத்தை எடுப்பது, சோதிப்பது, மருத்துவமனைகளுக்கு அனுப்புவது எல்லாம் சுகாதார அறிவியல் ஆணையத்தின் வேலை. கொடையாளர்களைத் திரட்டும் பொறுப்பு 2001 முதல் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. தொண்டூழியராக வர நினைப்பவர் தட்டவேண்டிய கதவு சங்கத்தினுடையது. இங்கே ரத்தத்துக்குப் பணம் கிடையாது. ஒருவர் மறுபடி வருவதும் வராமல் போவதும் அன்றைக்கு அவரை நாம் எப்படி நடத்தினோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படிக்கும் காரணம் அதுதான்.

முதல் படி: எங்கே தொடங்குவது

ஊட்ரம், தோபி காட், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட் போன்ற இடங்களில் நிலையான ரத்த வங்கிகள் இருக்கின்றன. இவை தவிர சமூக மன்றங்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள், கல்லூரிகள், அலுவலகங்களில் ஒருநாள் முகாம்கள் நடக்கும். புதியவர்கள் ஒருநாள் முகாமில், அதுவும் சிற்றுண்டி மேசையில் தொடங்குவது நல்லது. கொடுத்து முடித்த ஒவ்வொருவரும் அங்கே வந்து உட்காருவார்கள். யாருக்கு என்ன ஆகிறது என்று நாலு மணி நேரத்தில் கண் பழகிவிடும். பதிவு மேசைக்கு இரண்டாம் முறை போகலாம்.

இரண்டாம் படி: எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

எடை குறைந்தது 45 கிலோ. முதன்முறை கொடுப்பவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும்; அதிகபட்ச வயதும் உண்டு. 16, 17 வயதினருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் தேவை. ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் இரும்புப் புரதம்) ஒரு டெசிலிட்டருக்குக் குறைந்தது பெண்களுக்கு 12.5, ஆண்களுக்கு 13.0 கிராம். முழு ரத்தம் (கூறுகளைப் பிரிக்காமல் எடுப்பது) கொடுத்தவர் மறுபடி கொடுக்க 12 வாரம் காத்திருக்க வேண்டும். எடுப்பது 350 அல்லது 450 மில்லி. எடையைப் பார்த்து ஊழியர்கள் முடிவு செய்வார்கள்.

இந்த எண்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ஒருவருக்குச் சொல்வதற்காகத்தான். முகாம் வாசலில் நின்றுகொண்டு "நீங்க கொடுக்கலாம்", "உங்களால முடியாது" என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை, அண்மையில் பல் பிடுங்கியது, தைப்பூசத்துக்கு அலகு குத்தியது, ஊருக்குப் போய்வந்தது என்று எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "படிவத்தில் அப்படியே எழுதுங்க, உள்ளே கேட்டுச் சொல்வாங்க." மலேரியா உள்ள பகுதிக்குப் போய்வந்தவர் குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும். அந்தக் காலமும் பகுதிகளின் பட்டியலும் மாறக்கூடியவை. போன வருடம் கேட்டதை வைத்து நாம் பதில் சொன்னால், ஒருவர் வீணாக அரை நாள் விடுப்பு எடுத்து வந்து திரும்புவார். பயணத்துக்கு முன்பே கொடையாளர்களுக்கான டோனர்கேர் செயலியிலோ இணையத்திலோ பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவரிடம், கிளம்புவதற்கு ஓரிரு வாரம் முன்பே கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால் இருவருக்கும் வசதி. விடுமுறைக் காலங்களில் இருப்பு குறையும் என்பதால் அந்த ஒரு ரத்தப் பை பெரிதும் உதவும்.

மூன்றாம் படி: ஆள் திரட்டுவது

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு செய்தி, முந்தின நாள் மாலை ஒரு நினைவூட்டல். இவ்வளவு போதும். தினமும் குழுவில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். நினைவூட்டல் இப்படி இருக்கலாம்:

"நாளை காலை 10.30 உங்கள் நேரம். இன்றிரவு நன்றாகத் தூங்குங்கள். காலையில் இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டு வாருங்கள். அடையாள அட்டை மறக்க வேண்டாம். சட்டைக் கை முழங்கைக்கு மேல் ஏறட்டும்."

விரத நாளைக் கவனியுங்கள். கோயில் முகாமைச் சஷ்டியன்று வைத்தால் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வருவார்கள். ரமலானில் பகல் முகாம் முஸ்லிம் அன்பர்களுக்கு ஒத்துவராது. இரவு வேலை முடித்து நேராக வருகிறவரை வேறு நாள் வரச் சொல்லுங்கள். ஐந்து மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். சாரக்கட்டில் ஏறுபவர், பாரந்தூக்கி இயக்குபவர், லாரி ஓட்டுபவர் ஆகியோர் கொடுத்த கையோடு வேலைக்குப் போகக்கூடாது. அவர்களுக்கு ஓய்வு நாளில் நேரம் ஒதுக்குங்கள்.

நேரத்தைப் பங்கிடுவதில்தான் புதிய குழுக்கள் தடுமாறும். எட்டுப் படுக்கை இருக்கிறது, ஒருவருக்கு ஏறி இறங்க இருபது நிமிடம் என்றால் மணிக்கு 24 பேர் என்று தாளில் கணக்கு வரும். உண்மையில் வரிசை தேங்குவது படுக்கையில் இல்லை, அதற்கு முந்தைய உடல்நலக் கேள்விகளிலும் ஹீமோகுளோபினை அளக்கும் விரல் நுனிச் சோதனையிலும்தான். முடிந்தவரை முன்பதிவு செய்யச் சொல்லி, கால் மணிக்கு இத்தனை பேர் என்று பிரித்துவிடுங்கள். கோயிலில் உச்சிகால பூசை முடிந்ததும் கூட்டம் ஒரே மூச்சில் வரும். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்பதிவைக் குறைத்து, நேரில் வருபவர்களுக்கு இடம் விடுங்கள். அறுபது பேர் பெயர் கொடுத்தால் அறுபது பை கிடைக்காது. சிலர் வரமாட்டார்கள், சிலர் சோதனையில் திரும்புவார்கள்.

யாரையும் வற்புறுத்தாதீர்கள். அலுவலக நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து வருவார்கள். அதில் ஒருவருக்குக் கொடுக்கக்கூடாத காரணம் இருக்கலாம், நண்பர்கள் முன் சொல்லக் கூச்சமாக இருக்கலாம். "வந்தது வந்தீங்க, கொடுத்துட்டுப் போங்க" என்ற ஒரு வார்த்தை அவரைப் பொய் எழுத வைத்துவிடும். புதிதாகத் தொற்று ஏற்பட்டவர் ரத்தத்தில் அது சோதனைக்கே சிக்காத சில நாள்கள் உண்டு. படிவத்தில் உண்மை எழுதுவதுதான் நோயாளிக்குப் பாதுகாப்பு. பொய் எழுதுவது சட்டப்படி குற்றமும்கூட.

நான்காம் படி: முகாம் நாள்

மூடிய காலணி, தொங்காத உடை. அரை மணி முன்னதாக வந்து, கழிவறை எங்கே, மின்தூக்கி எங்கே என்று பார்த்து வையுங்கள். வருபவரிடம் கேட்க மூன்றே கேள்வி: சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, அட்டை இருக்கிறதா. பிறகு கையில் அரை லிட்டர் தண்ணீர் கொடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் குடித்து முடிக்கட்டும்.

தமிழ் மட்டும் பேசுகிற பெரியவரோ ஊழியரோ வந்தால், நேர்காணலில் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். அந்தரங்கமான கேள்விகள் அங்கே வரும். பழக்கமான முகம் பக்கத்தில் இருந்தால் பதில் மாறும். தாதியரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், அவர்கள் ஏற்பாடு செய்வார்கள்.

ஐந்தாம் படி: சிற்றுண்டி மேசை

மைலோ, பழச்சாறு, உப்பு பிஸ்கட், காய்கறி கறிபஃப். சைவம் எது, ஹலால் எது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். போத்தல் மூடியை நீங்களே திறந்து, ஊசி போடாத கையில் கொடுங்கள். கொடுத்த கையால் முறுக்கினால் கட்டுக்கு அடியில் ரத்தம் கசிந்து நீலம் பாயும். குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வையுங்கள். அவசரப்படுகிறவரைப் பிடித்து வைக்க நல்ல வழி பேச்சுக் கொடுப்பதுதான்.

பேசும்போது முகத்தைப் பாருங்கள். மயக்கம் வரும்முன் முகம் வெளுக்கும் என்பார்கள். மாநிறத்திலும் கருநிறத்திலும் அது தெரியாது. உதட்டைப் பாருங்கள், நிறம் மங்கும். மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை அரும்பும். கொட்டாவி அடுத்தடுத்து வரும். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று அமைதியாகி, "ஒண்ணுமில்ல, கொஞ்சம் குமட்டுது" என்பார். அந்த நொடியில் அவரை எழுப்பி நடத்திப் படுக்கைக்குக் கூட்டிப்போக முயன்றால் வழியிலேயே விழுவார். இருந்த இடத்திலேயே தரையில் படுக்க வைத்து, கால்களை நாற்காலி மேல் உயர்த்தி, குரல் கொடுத்துத் தாதியரை அழையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சுற்றி நிற்பவர்களை நகர்த்துங்கள். ஒருவர் மயங்குவதைப் பார்த்து இன்னொருவர் மயங்குவது உண்டு.

முதன்முறை கொடுப்பவர், இளவயதினர், எடை குறைந்தவர், பயந்தவர் ஆகியோருக்கு இது வர வாய்ப்பு அதிகம். அவர்களிடம் முன்கூட்டியே ஒரு உத்தி சொல்லலாம்: படுக்கையில் கால்களைப் பின்னிக்கொண்டு தொடைத் தசையைச் சில நொடி இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்குவது. காலில் தேங்கும் ரத்தம் மேலேறும். கழிவறைக்குப் போகிறவரைக் கண்ணில் வைத்திருங்கள். எழுந்து நடந்த பிறகு வரும் மயக்கம்தான் மண்டையை உடைக்கும்.

ஆறாம் படி: கொடுக்க முடியாமல் திரும்புகிறவர்

இந்த முகாமில் உங்களால் மட்டும் செய்ய முடிகிற வேலை இது. விரல் நுனிச் சோதனையில் ஹீமோகுளோபின் 12.2 வந்து, ஒரு பெண் வாடிய முகத்தோடு வெளியே வருவார். "ரத்தம் கம்மியாம்" என்பார். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் கருவுறாத பெண்ணுக்கு 12.0-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. கொடுப்பதற்கு மட்டும் கூடுதலாக 12.5 கேட்கிறார்கள், ஏனென்றால் 450 மில்லிப் பை ஒன்றோடு சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து உடம்பைவிட்டுப் போகிறது. இதை அவருக்குச் சொல்லுங்கள். அவரை அப்படியே அனுப்பாமல் மேசையில் உட்கார வைத்து, மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே மைலோ கொடுங்கள்.

முந்தின நாள் பீட்ரூட் சாறு குடித்தால் அளவு ஏறாது, வாரக்கணக்கில் ஆகும். பருப்பு, முருங்கைக்கீரை, சாப்பிடுபவர் என்றால் ஆட்டு ஈரல். கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ. தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. அளவு மிகவும் குறைவு என்று சொல்லியிருந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேறு காரணத்தால் திரும்பியவரிடம் காரணம் கேட்கவே கூடாது. "வந்ததுக்கு நன்றி, உட்காருங்க" போதும். அவர் நண்பர்கள் கேட்டாலும் நமக்குத் தெரியாது.

ஏழாம் படி: கிளம்பும்போது

அன்றைக்குக் கனமான பை தூக்க வேண்டாம், உடற்பயிற்சிக்கூடம் வேண்டாம், தண்ணீர் நிறைய. வீட்டுக்குப் போனபின் காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ வந்தால், கொடுத்த தாளில் உள்ள எண்ணுக்குக் கட்டாயம் அழைக்க வேண்டும் என்பதை நினைவுபடுத்துங்கள். அவருடைய ரத்தப் பையை ஆணையத்தினர் நிறுத்தி வைக்க முடியும். கடைசியாக, அவர் கைப்பேசியைத் திறக்கச் சொல்லி நாள்காட்டியில் அடுத்த தேதியைப் பதிய வையுங்கள். 12 வாரம் என்றால் 84 நாள்: ஜனவரி 5 கொடுத்தவருக்கு, லீப் ஆண்டாக இல்லாவிட்டால், மார்ச் 30.